மிச்ச ஓவியத் துண்டுகளில் தீபாவளி வாழ்த்து அட்டை: வளைவு, ஒட்டல், மடிப்பு வெடிப்பு

செங்காங் தூரிகை

குழு நண்பர்களுக்கு வணக்கம். ஓவிய வகுப்பில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு இந்தத் தீபாவளிக்கு 40 வாழ்த்து அட்டைகள் செய்வதாகத் திட்டம். ஏ6 அளவு, நடுவில் மடிப்பது. பாதியைக் கையில் கொடுப்போம், பாதி அஞ்சலில் போகும்.

மிச்சமாக இருப்பவை: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) நீர்வண்ணத் தாளின் ஓரத் துண்டுகளும் பாதியில் நின்ற ஓவியங்களும், அக்ரிலிக் பூசிய தாள்கள், ஆயில் பேஸ்டல் பயிற்சித் தாள்கள், போன சீனப் புத்தாண்டின் ஆங் பாவ் (அன்பளிப்புப் பண) உறைகள், கொஞ்சம் சேலைக் கரை, பாத்திக் துணி.

மாதிரிக்குச் செய்த அட்டைகளில் மூன்று சிக்கல். துண்டை ஒட்டிய மறுநாள் அட்டை முன்பக்கமாக வளைந்துவிடுகிறது. அக்ரிலிக் பரப்பு உள்ளவற்றை அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பிரித்தால் வண்ணம் உரிகிறது. மடிப்பில் தாள் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது.

வெட்டுப் பலகை, 30 செ.மீ. இரும்பு அடிமட்டம், 9 மி.மீ. கத்தி, பசைக்குச்சி, வெள்ளைப் பசை எல்லாம் இருக்கின்றன. புதிதாக நிறைய வாங்க விருப்பமில்லை. அடியட்டைக்குத் தேவையான தாள் மட்டும் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் ஓவியப்பொருள் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.


தாள்மடிப்பு

மடிப்பைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். மற்ற இரண்டையும் ஒட்டிய பிறகும் ஓரளவு சமாளிக்கலாம், வெடித்த மடிப்பை ஒன்றும் செய்ய முடியாது.

இயந்திரத்தில் செய்த எந்தத் தாளுக்கும் நாரோட்டம் உண்டு. நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு வழவழப்பாக விழும், குறுக்கே மடித்தால் நார் உடையும். கண்டுபிடிக்கத் தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள், முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ, வளைவின் முதுகு போகும் திசைதான் நாரோட்டம். சந்தேகமிருந்தால் 5 செ.மீ. சதுரம் ஒன்றை வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழாய்போல் சுருளும். குழாயின் நீளம் எப்படிப் படுத்திருக்கிறதோ அதுவே நாரோட்டம்.

ஏ4 தாள்களில் பெரும்பாலும் நாரோட்டம் 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாக இருக்கும். அப்படியானால் 148.5 மி.மீ.இல் குறுக்கே வெட்டி இரண்டு ஏ5 ஆக்கி, ஒவ்வொன்றின் 210 மி.மீ. பக்கத்தையும் 105இல் மடியுங்கள். மடிப்பு நாரோட்டத்தோடு போகும். ஏ4ஐ நீளவாக்கில் பிளந்து 105 x 297 பட்டையாக்கி நடுவில் மடித்தாலும் கிடைப்பது அதே ஏ6தான், ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். உங்கள் மாதிரி இப்படி வெட்டியதாக இருக்கும் என்று நினைக்கிறேன். முழு ஏ4ஐ ஏ5 அட்டையாக மடிப்பவர்களுக்கும் இதே தொல்லை.

அடுத்தது கோடு அழுத்துவது. மை தீர்ந்த பந்துமுனைப் பேனா போதும். தாளுக்கு அடியில் நாளிதழ் நான்கைந்து பக்கம் வைத்து, அடிமட்டத்தை ஒட்டி ஒரே அழுத்தமாக இரண்டு முறை இழுங்கள். ஒரு பக்கம் பள்ளமும் மறு பக்கம் மேடும் விழும். பலர் பள்ளத்துக்குள் மடிக்கிறார்கள், அது தலைகீழ். மேடு உள்ளே இருக்க வேண்டும், பள்ளம் அட்டையின் வெளிமுதுகில். அப்போதுதான் வெளிப்புற நார் அதிகம் இழுபடாது. மடித்தபின் மேலே ஒரு தாளை வைத்து அதன் மேல் தேய்த்துவிடுங்கள், நேராகத் தேய்த்தால் அந்த இடம் மினுமினுக்கும்.

கத்தியால் பாதி ஆழம் கீறி மடிப்பது வேண்டவே வேண்டாம். நாலு முறை திறந்து மூடினால் கையோடு வந்துவிடும்.

அடியட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். வண்ண அட்டை வாங்கினால் ஓரத்தைப் பாருங்கள், உள்ளும் வெளியும் ஒரே நிறமாக இருப்பதை எடுங்கள். மேலே மட்டும் நிறம் பூசியது என்றால் சிறு வெடிப்பும் வெள்ளையாகப் பல்லைக் காட்டும். இன்னொன்று, ஏர்கானில் பகல் முழுக்கக் கிடந்த தாள் விறைப்பாக இருக்கும், எளிதில் உடையும். மடிக்கும் வேலையை ஏர்கான் இல்லாத அறையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக்காற்று தாளுக்கு நல்லது செய்யும் ஒரே இடம் இதுதான்.


பசைக்கிண்ணம்

வளைவுக்குக் காரணம் பசையில் இருக்கும் தண்ணீர். ஈரம் பட்டதும் துண்டு விரிகிறது, விரிந்த நிலையிலேயே அடியட்டையில் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி, அடியட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது. மறுநாள் முன்பக்கமாக வளைவது அதனால்தான். தாள் விரிவதும் சுருங்குவதும் நாருக்குக் குறுக்கேதான் அதிகம். ஆகவே துண்டின் நாரோட்டமும் அட்டையின் நாரோட்டமும் இணையாக இருக்கட்டும். ஒரு மூலை மட்டும் முறுக்கிக்கொண்டு தூக்கினால் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலக்காமல் எடுங்கள். ஏ6 முகப்புக்கு ஒரு பட்டாணி அளவு தாராளம். காலாவதியான ஈசி-லிங்க் பயண அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்துப் பரப்புங்கள், தாளின் நிறம் பசைக்குள்ளிருந்து தெரியும் அளவு மெல்லியதாக. வழித்தபின் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது கூடுதல். மெல்லிய டிஷ்யூ, தூரிகை துடைத்த காகிதம் போன்றவற்றுக்கு மட்டும் ஐந்து பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்க்கலாம்.

ஒட்டியதும் எடை வைக்க வேண்டும். முகப்பின் மேல் பேக்கிங் தாள் (கேக் தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்), பின்புறம் வெறும் நகல் தாள் இரண்டு. இரண்டு பக்கமும் பேக்கிங் தாள் வைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். அரை மணி கழித்துப் பின்புறத் தாளை மாற்றி, மறுபடி கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு. மின்விசிறிக் காற்றில் விரித்துக் காயவைத்தால் மேல்பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து வளைவு கூடும்.

அப்படியும் வளைந்தால் எதிர் இழுவை கொடுங்கள். முகப்பின் உள்பக்கத்தில் 80 முதல் 120 ஜிஎஸ்எம் தாள் ஒன்றை, ஓரங்களில் 2 மி.மீ. குறைத்து, அதே பசையால் ஒட்டினால் இரண்டு பக்க இழுவையும் சமமாகிவிடும். வாழ்த்து எழுதும் தாளாகவும் அதுவே ஆகிவிடும்.

பசைக்குச்சி 100 ஜிஎஸ்எம்முக்குக் கீழே உள்ள தாள்களுக்குச் சரி. நீர்வண்ணத் தாளின் சொரசொரப்பில் அது மேடுகளில் மட்டும் பட்டு நிற்கும், ஓரம் தூக்கும். மாவுப் பசை, சோற்றுப் பசை பக்கமே போகாதீர்கள். வெள்ளி மீன் பூச்சிக்கு நாமே விருந்து வைத்தமாதிரி.


கத்திமுனை

பசைக்கிண்ணம் அண்ணன் சொல்வதெல்லாம் நாலைந்து அட்டைக்குச் சரி. 40 அட்டைக்கு ஒவ்வொன்றாகப் பசை வழித்து, எடை வைத்து, தாள் மாற்றி... வீட்டில் அவ்வளவு புத்தகம் வேண்டாமா?

300 ஜிஎஸ்எம் துண்டுக்கு 6 மி.மீ. இரட்டைப்பக்க டேப் போதும். தண்ணீரே இல்லை, வளைவே இல்லை. நான்கு ஓரமும் சுற்றி, விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டுங்கள். விளிம்பு வரை ஒட்டினால் நம் வெயிலுக்கு டேப்பின் பசை கசிந்து தூசியைப் பிடித்துக் கறுப்புக் கோடு போடும், மலிவான டேப்பில் இது நிச்சயம். டேப்பில் ஒருமுறை வைத்ததை நகர்த்த முடியாது என்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. மேல் தாளை முழுக்க உரிக்காமல் ஒவ்வொரு முனையிலும் 1 செ.மீ. மட்டும் உரித்து வெளியே நீட்டி மடித்துவிடுங்கள். துண்டை இடம் பார்த்து வைத்து, லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு நீட்டியவற்றை ஒவ்வொன்றாக இழுத்தால் நூல் பிசகாது.

அக்ரிலிக் ஒட்டிக்கொள்வது பற்றி: காய்ந்த அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் படலம், சூட்டில் இளகும் வகை. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், தடிமனாகப் பூசியது உள்ளுக்குள் இறுக வாரக்கணக்கில் ஆகும். சிங்கப்பூரில் விடியற்காலைக் காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 அளவுக்கு இறங்கும். அதனால் இன்னும் தாமதம். அடுக்கும்போது இடையில் சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாள் வையுங்கள். மெழுகுத் தாள் வேண்டாம், சூட்டில் மெழுகு வண்ணத்தில் ஏறிவிடும்.

ஆனால் அட்டை உறைக்குள் போனபின் பேக்கிங் தாளுக்கு எங்கே போவது? அக்ரிலிக் பரப்பு எதன்மீதும் படாதபடி, நடுவில் சன்னல் வெட்டிய அட்டைச் சட்டம் போடுவதுதான் நிரந்தர வழி. சட்டம் தாள்மடிப்பு அக்காவின் துறை, அவரே சொல்லட்டும்.

கத்தி: சொரசொரப்பான தாளில் மழுங்கிய முனை வெட்டாது, கிழிக்கும். ஒரே வெட்டில் முடிக்க நினைக்காமல் மூன்று லேசான வெட்டு. முனையை அடிக்கடி உடைத்துப் புதுசாக்குங்கள். உடைத்த முனைகளை டேப்பில் சுற்றியபின் குப்பைக் குழாயில் போடுங்கள், துப்புரவு ஊழியர்கள் கையில் குத்தும்.


செங்காங் தூரிகை

மூவருக்கும் நன்றி. மடிப்பு வெடித்ததன் காரணம் புரிந்தது, பட்டையாகத்தான் வெட்டப்பட்டிருக்கிறது.

சட்டத்தின் அளவுகளைச் சொல்ல முடியுமா? ஆயில் பேஸ்டல் தாள்களை எப்படிக் கையாள்வது, துணியை எதால் ஒட்டுவது? “தீபாவளி வாழ்த்துகள்” என்பதையும் மிச்சத் தாளிலேயே எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டலாமா, அல்லது எழுதிவிடுவது நல்லதா?


தாள்மடிப்பு

சட்டம் இப்படி. ஓவியத் துண்டு 90 x 60 மி.மீ., சட்டத்தின் வெளியளவு 138 x 95, நடுச் சன்னல் 80 x 50. துண்டு நான்கு பக்கமும் 5 மி.மீ. சட்டத்துக்குள் மறையும். சட்டத்துக்கு 250 ஜிஎஸ்எம். அதன் தடிமனே மெல்லிய அக்ரிலிக்கைக் காப்பாற்றும். தூரிகைத் தடம் புடைத்து நிற்கும் ஓவியமென்றால் சட்டத்தின் அடியில் 1 மி.மீ. நுரை டேப் கொடுத்து உயர்த்துங்கள். சன்னலின் மூலைகளில் கத்தியைக் கோட்டின் முடிவுக்கு ஒரு இம்மி தாண்டி நிறுத்துங்கள், இல்லையென்றால் மூலையில் நார் தொங்கும். அந்த வெட்டு மீறல் பின்பக்கம் தெரிந்தால் பரவாயில்லை என்பதற்காக எப்போதும் பின்பக்கத்திலிருந்து வெட்டுவது வழக்கம்.

ஓவியத்தில் எந்த இடத்தை எடுப்பது என்பதற்கு இரண்டு “ட” வடிவ அட்டைகளை எதிரெதிராக வைத்து 80 x 50 சன்னலாக்கி, ஓவியத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். முழுதாகப் பார்க்கையில் சோபிக்காத ஓவியத்தில்கூட நல்ல சன்னல் இரண்டு மூன்று கிடைக்கும். முகம், கை போன்றவை பாதியில் வெட்டுப்படும் இடத்தைத் தவிர்த்து, நிறம் நிறத்தோடு கலக்கும் இடமாகப் பாருங்கள். பார்த்துப் பார்த்து வெட்ட நேரமில்லையென்றால் ஒரு ஏ4 ஓவியத்தில் மூன்றுக்கு மூன்றாக 9 துண்டு வரும். மிஞ்சும் 27 மி.மீ., 30 மி.மீ. பட்டைகளை எறிய வேண்டாம், அகல் விளக்கும் கோல முக்கோணங்களும் அதில் வெட்டலாம்.

சுடருக்கு ஆங் பாவ் உறையின் தங்க அச்சைவிட நல்ல பொருள் கிடைக்காது. பூ வேலைப்பாடு உள்ள இடத்தை எடுங்கள், எழுத்து பாதியாக வெட்டுப்பட்டால் நன்றாயிராது. உறையின் உள்பக்கம் பசையை ஏற்கும். வெளிப்பக்கம் பளபளப்புப் பூச்சு, அதன்மேல் எதை ஒட்டினாலும் உரிந்து வரும். சந்தேகமான எந்தத் தாளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் வெள்ளைப் பசை பிடிக்காது.

ஆயில் பேஸ்டல் காயவே காயாது. அதிலிருக்கும் எண்ணெயும் மெழுகும் காயும் வகையல்ல. சட்டமும் போட்டு, சட்டத்துக்கும் ஓவியத்துக்கும் நடுவில் 90 ஜிஎஸ்எம் டிரேசிங் தாளையும் வையுங்கள். நிறம் கொஞ்சம் மங்கித் தெரியும், விளக்கொளிக்கு அது பொருந்தவும் செய்யும். பளிச்சென்று வேண்டுமானால் கண்ணாடிபோல் தெளிவான ஓஎச்பி பிளாஸ்டிக் தாள். மெல்லிய தாளில் தீட்டியதென்றால் பின்புறம் எண்ணெய்க் கறை ஊறியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊறியிருந்தால் பசையும் பிடிக்காது, சில மாதத்தில் அடியட்டையிலும் கறை தெரியும். அவற்றை ஒதுக்கிவிடுவதே மேல். எல்லா மிச்சத்தையும் அட்டையாக்கியே தீரவேண்டும் என்று கட்டாயமில்லை.

துணிக்கு வெள்ளைப் பசை போட்டால் பட்டில் ஊறி முன்பக்கம் கறுத்துத் தெரியும். தையல் கடைகளில் கிடைக்கும், இஸ்திரி போட்டால் ஒட்டும் வலையை வாங்குங்கள். துணியின் பின்புறம் வலை, அதன்கீழ் 80 ஜிஎஸ்எம் தாள், மேலே பேக்கிங் தாள். பட்டுக்கு மிதமான சூடு, நீராவி இல்லாமல். ஒட்டியபின் துணி தாளைப் போலவே வெட்டுப்படும், பிசிறு வராது. சரிகை கனமாக உள்ள கரையில் வலை சரியாகப் பிடிக்காமல் போகலாம், அதற்கு 12 மி.மீ. இரட்டைப்பக்க டேப்.

எழுத்து வெட்டுவது 40 அட்டைக்கு என்றால் யோசியுங்கள். “தீபாவளி” மட்டும் வெட்டி, “வாழ்த்துகள்” பேனாவில் எழுதலாம். காரணம் நடைமுறைதான்: முதல் சொல்லில் புள்ளியே இல்லை, இரண்டாவதில் மூன்று புள்ளி, ஒவ்வொன்றும் தனித் துண்டு, ஒட்டும்போது விரலோடு போய்விடும். வெட்டத்தான் வேண்டும் என்றால் புள்ளிக்கு 3 மி.மீ. துளைக்கருவி. வழக்கமான அலுவலகத் துளைக்கருவி 6 மி.மீ., எழுத்து 25 மி.மீ.க்குமேல் உயரமாக இருந்தால்தான் அது பொருந்தும். எழுத்தின் கோடு 4 மி.மீ.க்குக் குறையக்கூடாது. வ, ள ஆகியவற்றின் சுழியை முதலில் வெட்டிவிட்டு அப்புறம் வெளிவிளிம்பு. வெளிவிளிம்பை முதலில் வெட்டினால் பிடிக்க இடமிருக்காது, சுழி கிழியும். பென்சில் கோடு முன்னால் தெரியாதிருக்க, எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் தாளின் பின்புறம் வரையுங்கள்.

தமிழ் முரசின் தலைப்பெழுத்துகளை வெட்டி ஒட்டினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் நாளிதழ்த் தாள் சீக்கிரம் பழுத்துவிடும், மரக்கூழின் லிக்னின் அப்படி. தேவையானால் நல்ல தாளில் நகலெடுத்து வெட்டுங்கள்.


தபால்பெட்டி

அஞ்சல் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் இது.

ஏ6 அட்டைக்கு சி6 உறை, 162 x 114 மி.மீ. மிச்ச வரைதாளிலேயே செய்யலாம், ஏ4இல் ஒரு உறை வரும். தாளை 192 x 264 ஆக வெட்டுங்கள். 264 நீளத்தில் மேலிருந்து 50இல் ஒரு கோடு, 164இல் இன்னொரு கோடு அழுத்துங்கள். மேல் 50 மூடி, நடு 114 முகப்பு, கீழ் 100 பின்புறம். இரு பக்கமும் 15 மி.மீ. உள்ளே கோடு அழுத்தி, நடுப்பகுதியின் பக்கவாட்டு மடல்களை மட்டும் விட்டு, மூடியிலும் பின்புறத்திலும் உள்ள 15 மி.மீ.ஐ வெட்டிவிடுங்கள். மடல்களை உள்ளே மடித்து, பின்புறத்தை மேலே தூக்கி அவற்றின்மேல் ஒட்டினால் முடிந்தது. மூடி 36 மி.மீ. மேலே விழும், போதும். மடல்களில் பசை உள்ளே வழிந்தால் அட்டை உறையோடு ஒட்டிக்கொள்ளும், இங்கே மட்டும் பசைக்குச்சிதான் சரி.

எடையைக் கணக்குப் போடாமல் இறங்காதீர்கள். முதல் கட்டணப் படி 20 கிராம் வரைதான். 300 ஜிஎஸ்எம் அடியட்டை 9.3 கிராம், 100 ஜிஎஸ்எம் உறை 4.6, உள்ளே 80 ஜிஎஸ்எம் எழுதும் தாள் மடித்து வைத்தால் 2.5, 300 ஜிஎஸ்எம் ஓவியத் துண்டு 1.6, சட்டம் 2.3. கூட்டினால் 20.3. பசையும் டேப்பும் இதில் சேரவில்லை. அஞ்சலில் போகும் 20க்கு அடியட்டையை 250 ஜிஎஸ்எம்மில் எடுத்தால் 18.8க்கு வரும். அல்லது 300ஐயே வைத்துக்கொண்டு, எழுதும் தாளை முகப்பின் உள்பக்கத்தில் மட்டும், பசைக்கிண்ணம் சொன்ன எதிர் இழுவைத் தாளாக ஒட்டினால் 1.3 கிராம் குறையும். நுரை டேப் போட்ட அட்டைகளைக் கையில் கொடுப்பவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

சமையலறைத் தராசு ஒரு கிராம் கணக்கில்தான் காட்டும். ஒன்றை நிறுத்துப் பார்க்காமல், உறையோடு பத்தைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். மழை நாளில் தாள் ஈரம் குடித்துக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், ஆகவே 19ஐத் தாண்டினாலே எதையாவது குறைப்பது நல்லது.


செங்காங் தூரிகை

அப்படியானால் அஞ்சலுக்கு 250, கைக்கு 300 என்று பத்துப் பத்துத் தாள் வாங்குகிறேன். உறைக்கு 120 ஜிஎஸ்எம் வண்ணத் தாள் ஒரு கட்டு மிச்சமிருக்கிறது, அது ஆகுமா?


தபால்பெட்டி

120இல் உறை 5.5 கிராம். 250 அடியட்டையோடு சேர்த்தால் 19.7, பசை போட்டதும் தாண்டிவிடும். அதைக் கையில் கொடுப்பவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலுக்கு அதையே பயன்படுத்த வேண்டுமென்றால் சட்டத்தைக் கைவிட்டு, நீர்வண்ணத் துண்டுகளை நேரடியாக டேப்பில் ஒட்டுங்கள், 17.4தான் வரும். அடர்நிற உறையாக இருந்தால் முகவரிக்கு வெள்ளைத் தாள் ஒட்டி எழுதுங்கள், ஆறு இலக்க அஞ்சல் குறியீடு தெளிவாகத் தெரிய வேண்டும்.